அக்கா பார்த்த பழுப்பு

கண்ணாடிக் கடைக்கு வருகிறவர்கள் அவளை 'ஒண்ணா ரெண்டா அம்மா' என்று சொல்வார்கள், முகத்துக்கு நேரே அல்ல. இருட்டறையில் எதிரே உட்காரவைத்து, கண்ணுக்கு முன்னால் ஒரு வில்லையைப் போட்டு, அதை எடுத்துவிட்டு வேறொன்றைப் போட்டு, "இது தெளிவா இருக்கா, இல்ல இதுவா? ஒண்ணா, ரெண்டா?" என்று கேட்பது அவள் வேலை. தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்ற பயத்தில் பாதிப் பேர் "ரெண்டும் ஒண்ணுதான்" என்பார்கள். அவள் முகத்தில் எதையும் காட்டிக்கொள்ள மாட்டாள். காட்டினால் அதைப் பார்த்துப் பதிலை மாற்றுவார்கள். பல வருஷப் பழக்கத்தில் அந்த முகம் கடையோடு நிற்காமல் வீட்டுக்கும் வந்து தங்கிவிட்டது.

வயது ஐம்பதைத் தாண்டியவள். கணவர் வேறோர் ஊரில் வேறொரு குடும்பத்தோடு நலமாக இருந்தார். அவள் இருந்தது அப்பா வாங்கிப்போட்ட இரட்டை வீட்டில் ஒரு பாதி. மறுபாதியில் அக்காவும் அத்தானும். நடுவில் ஒரே சுவர். இவள் இந்தப் பக்கம் குழாயைத் திறந்தால் அந்தப் பக்கத்துக் குழாய் இருமும். பின்னால் தோட்டம் மட்டும் பிரிக்கப்படாமல் ஒரே பரப்பாகக் கிடந்தது. அப்பா இருந்தவரைக்கும் அதில் கோடு போட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அக்கா டிரைவிங் ஸ்கூல் நடத்தினாள். ஒரே கார், அதில் இரண்டு பிரேக். ஊரில் வண்டி ஓட்டுகிறவர்களில் பெரும்பாலோர் ஏதோ ஒரு காலத்தில் அவளிடம் திட்டு வாங்கியவர்கள். அத்தான் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சாட்சி சொன்னதைச் சொன்னபடி, வக்கீல் கத்தியதைக் கத்தியபடி, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் எழுதியே காலத்தைக் கழித்த மனிதர். ஓய்வுக்குப் பிறகு தக்காளி போட்டார்.

சகோதரிகள் இருவருக்கும் பேச்சு நின்றுபோனது அப்பா இறந்த வருஷம். காரணத்தை வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்பதால் இருவருமே யாரிடமும் சொல்லவில்லை. நடந்தது இவ்வளவுதான். அவள் ஏதோ பயிற்சிக்காக ஒரு வாரம் வெளியூர் போயிருந்தாள். அந்த நேரத்தில் அக்கா, இவள் பாதியில் இருந்த அப்பாவின் அறையைக் காலி செய்தாள். சட்டைகள் போயின, செருப்பு போனது. அவற்றோடு அப்பாவின் மூக்குக் கண்ணாடியும் போனது. அது அவள் தன் கையாலேயே வில்லை தேய்த்து, சட்டம் வளைத்து, அவருடைய கோணல் காதுக்குப் பொருந்தும்படி செய்து கொடுத்தது. அக்கா அதைக் குப்பையில் போடவில்லை. இல்லாதவர்களுக்குக் கொடுப்பதற்காகப் பழைய கண்ணாடிகளைச் சேர்க்கும் பெட்டி ஒன்று கூடத்தில் இருந்தது, அதில் போட்டாள். பெட்டி நிறைந்ததும் வந்து எடுத்துப் போய்விட்டார்கள். அந்தப் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்ததே அவள்தான். அதனால் கோபப்படுவதற்கு ஒரு பிடியும் கிடைக்கவில்லை. பிடியில்லாத கோபம் சீக்கிரம் இறங்குவதுமில்லை.

அடுத்த மாதமே தோட்டத்தின் நடுவில் ஒரு மரவேலி வந்தது. மலிவான பைன் பலகை. போட்டவள் அவள். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பேச்சு ஆகிவிடும்.

அதற்கப்புறம் இரண்டு வீட்டுக்கும் இடையே தகவல் போக்குவரத்து அத்தான் வழியாகத்தான். அவர் வாசலில் வந்து நின்று, தொண்டையைச் சரிசெய்துகொண்டு ஒப்பிப்பார்.

"உங்க அக்கா சொன்னா: 'தண்ணித் தொட்டி கழுவ ஆள் வர்றான், அவ பக்கமும் கழுவணுமான்னு கேளுங்க.' அப்புறம் கொஞ்சம் நிறுத்தி, 'கேட்டா நேரா பதில் சொல்ல மாட்டா, அது வேற விஷயம்.' அவ்வளவுதான்."

"கடைசி வரியை விட்டிருக்கலாமே அத்தான்."

"சொன்னா. நான் என்ன பண்றது?"

அவர் எதையும் விடமாட்டார். பெருமூச்சு இருந்தால் 'பெருமூச்சு' என்று சொல்லிவிட்டு மேலே போவார்.

இப்படியே சில வருஷம் ஓடியது. மரவேலி மழையில் ஊறி, வெயிலில் வெடித்து, அடியில் பூஞ்சை பிடித்து நின்றது. ஒரு நாள் காற்று வீசியதில் மொத்தமும் அத்தானுடைய தக்காளிப் பாத்தியின் மேல் மல்லாந்து விழுந்தது. செடிகள் கொத்துக் கொத்தாகக் காய்த்திருந்த நேரம்.

வேறு சமயமாக இருந்திருந்தால் அத்தான் வந்து ஒப்பித்திருப்பார். ஆனால் அவர் அதற்குச் சற்று முன்புதான் தொண்டையில் சின்ன முடிச்சு ஒன்றை எடுத்துவிட்டு வந்திருந்தார். டாக்டர் பேசவே கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது என்று சொல்லிவிட்டார். கழுத்தில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு விழுந்த வேலியையும் தக்காளியையும் பார்த்தபடி நின்றார். அவள் பின்கதவைத் திறந்து வெளியே வந்தாள். அக்காவும் அந்தப் பக்கம் வந்தாள்.

அக்கா அவர் கையில் ஒரு காகிதத்தையும் பென்சிலையும் கொடுத்தாள். "எழுதிக் குடுங்க அவகிட்ட."

அவர் வேகமாக எழுதி நீட்டினார். அவள் வாங்கிப் பார்த்தாள். கொக்கியும் வளைவும் புள்ளியுமாக இருந்தது. சுருக்கெழுத்து. அக்காவும் எட்டிப் பார்த்தாள்.

"ஒழுங்கா எழுதத் தெரியாதா உங்களுக்கு?"

அத்தான் தோளைக் குலுக்கினார். கை அந்த வழியில்தான் ஓடுகிறது, நான் என்ன செய்ய என்பது போல.

பிறகு அக்கா, உடைந்த பலகை ஒன்றிடம் சொல்வது போலச் சொன்னாள்: "மரம் இனிமே வேணாம்."

"வேணாம்" என்றாள் அவள், அதே பலகையிடம்.

"இப்ப என்னமோ காம்போசிட்டுன்னு வருதாம். உளுத்துப்போகாதாம். எங்கிட்டக் கத்துக்கிட்டவன் ஒருத்தன் கடை வெச்சிருக்கான்."

"எல்லை வேலின்னா ரெண்டு வீட்டுக்காரங்களும் ஒத்துக்கணும்."

"அதனாலதான் சொல்றேன்."

அவ்வளவுதான். பல வருஷங்களுக்குப் பிறகு அவர்கள் பேசியது, தங்களுக்கு நடுவே எதை நிறுத்துவது என்பதைப் பற்றி.

ஞாயிற்றுக்கிழமை ஒரே காரில் போனார்கள். அக்காவின் டிரைவிங் ஸ்கூல் கார் பழுதுபார்க்கப் போயிருந்ததால் தங்கையின் காரில் போக வேண்டியதாயிற்று. அக்கா பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கை வழியெல்லாம் மிதித்துக்கொண்டே வந்தாள். ஆனால் அந்த மிதி, கொஞ்சம் பிந்தி விழுந்தது. முன்னால் போன லாரியின் சிவப்பு விளக்கு எரிந்து, அவள் காரை மெதுவாக்கிய பிறகுதான் அக்காவின் கால் தரையில் இறங்கியது. அவள் அதைக் கவனித்தாள். வயசாகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

கடைக்காரர் அக்காவைக் கண்டதும் எழுந்து நின்றார். கையில் ஸ்டியரிங் இருப்பது போல அவருடைய முதுகு தானாக நிமிர்ந்தது. மரத்தூளையும் பழைய பிளாஸ்டிக்கையும் சேர்த்து உருக்கி வார்த்த பலகை என்று விளக்கினார். வண்ணம் அடிக்க வேண்டாம், எண்ணெய் பூச வேண்டாம், கரையான் தொடாது. தூண் உலோகம், அதில் இருக்கும் பள்ளத்தில் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கிவிட்டால் போதும். வெயிலில் கொஞ்சம் நீளும், அதற்கு ஓரத்தில் இடம் விட வேண்டும்.

"ஒரு கோடை போனா நிறம் கொஞ்சம் தணியும் மேடம். அப்புறம் அப்படியே நின்னுடும்."

"நல்ல பக்கம் யாருக்கு?" என்று அக்கா கேட்டாள்.

பலகையின் ஒரு முகத்தில் மரத்தின் ரேகை அச்சடித்தது போல இருந்தது. மறுமுகத்தில் வெறும் கோடுகள். கடைக்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். இந்தக் கேள்வியில் பல குடும்பங்கள் உடைந்ததை அவர் பார்த்திருக்க வேண்டும். "சில பேரு மாத்தி மாத்திப் போட்டுக்குவாங்க" என்றார் ஜாக்கிரதையாக.

முதல் தகராறு இடைவெளி பற்றி வந்தது. அவள் ஈ நுழையாதபடி முழுக்க மூடிய வேலி வேண்டும் என்றாள். அக்கா, தக்காளிக்கு வெளிச்சம் வேண்டும், பலகைக்குப் பலகை இடம் விட்டுப் போடலாம் என்றாள். பேசப் பேச அவளுக்கு அக்கா சொல்வதில் நியாயம் இருப்பதாகப் பட்டு, சரி இடம் விடலாம் என்றாள். அதற்குள் அக்கா, காற்றையும் பூனையையும் யோசித்து, மூடிவிடலாம் என்று மாறியிருந்தாள். இப்போது இடத்தை மாற்றிக்கொண்டு அதே தகராறை மறுபடி போட்டார்கள். கடைக்காரர் கீழே மூடி, மேலே இரண்டு வரிசை மட்டும் இடைவெளி விடலாம் என்றார். அவரை இருவரும் முறைத்தார்கள். பிறகு அதுவே முடிவானது.

அடுத்தது நிறம். மாதிரித் துண்டுகளை மேஜையில் பரப்பினார். அக்கா ஒன்றைத் தொட்டாள்.

"இந்தப் பழுப்பு நல்லா இருக்கு."

அது நீலம் ஓடிய சாம்பல். கடைக்காரர் 'ஸ்லேட்' என்று சீட்டு ஒட்டியிருந்தார்.

"அது பழுப்பு இல்ல" என்றாள் அவள்.

"பின்ன?"

"சாம்பல். பழுப்பு இது." 'வால்நட்' என்று சீட்டு ஒட்டிய கரும்பழுப்புத் துண்டை நகர்த்தி வைத்தாள்.

"அது கறுப்பு. கறுப்புல வேலி போட்டா துக்க வீடு மாதிரி இருக்கும்."

"அக்கா, அது கறுப்பு இல்ல."

"பழுப்பு எது, கறுப்பு எதுன்னு எனக்குத் தெரியும். உங்க கடையில வந்து கேக்கணும்னு அவசியம் இல்ல."

வேண்டுமென்றே செய்கிறாள் என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. நான் வெள்ளை என்றால் இவள் கறுப்பு என்பாள், எப்போதும் அப்படித்தான் என்று வாயை மூடிக்கொண்டாள். ஆனால் கடைக்காரருக்கு அந்தப் பழைய தகராறெல்லாம் தெரியாது. அவர் அக்காவை ஒரு கணம் விசித்திரமாகப் பார்த்துவிட்டு, உடனே கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். அந்தப் பார்வைதான் அவளை உறுத்தியது.

திரும்பும்போது எதிரே வந்த வண்டியின் கண்ணாடியில் வெயில் பட்டுத் தெறித்தது. அக்கா சட்டென்று முகத்தைத் திருப்பிக் கையால் மறைத்துக்கொண்டாள். மறைத்த கையை வெகுநேரம் எடுக்கவில்லை.

"சாயங்கால வகுப்பெல்லாம் எடுக்கிறியா இன்னும்?"

"நிறுத்திட்டேன். சாயங்காலம் வர்றதுங்க ஒழுங்கா கத்துக்கிறதில்ல."

மாதிரித் துண்டுகள் பின் இருக்கையில் இருந்தன. வீட்டில் வெயிலில் வைத்துப் பார்க்கச் சொல்லிக் கடைக்காரர் கொடுத்தனுப்பியவை.

அந்த வாரம் இரவில் தூக்கம் சரியாக வரவில்லை. பிடிக்காதவர்களுக்குக்கூட அவள் வில்லை சரிபார்த்துக் கொடுத்திருக்கிறாள். பணம் கொடுக்காமல் போனவனுக்கும் கொடுத்திருக்கிறாள். ஒட்டிய சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவள், முன்னால் போகும் லாரியைப் பிந்திப் பார்க்கிறாள். அவள் பக்கத்தில் வண்டி ஓட்டத் தெரியாத யாரோ ஒருவர் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிறார். எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. அத்தானிடம் சொல்லி அனுப்பலாம் என்றால் அவர் கழுத்தில் துண்டு.

அந்தத் துண்டைப் பற்றியும் ஒரு விஷயம் தெரியவந்தது. ஒரு காலை அவள் துணி காயப்போட வந்தபோது, அத்தான் தக்காளிச் செடிகளுக்கு முட்டுக் கொடுத்தபடி, கரகரப்பில்லாத தெளிவான குரலில், "இன்னும் கொஞ்சம் நிமிரு, ஆங், அப்படித்தான்" என்று ஒரு செடியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். திரும்பியவர் அவளைப் பார்த்தார்.

"டாக்டர் எத்தனை நாளைக்குச் சொன்னாரு அத்தான்?"

அவர் யோசித்தார். பொய் சொல்லும் பழக்கம் அவருக்குக் கிடையாது. "அது போன வாரமே முடிஞ்சிடுச்சும்மா" என்றார். "ஆனா இப்படியே இருந்தா வீடு அமைதியா இருக்கு."

"அக்காவுக்குத் தெரியுமா?"

"கேக்கல."

அவள் துணியை உதறிக் கொடியில் போட்டாள். "துண்டை இன்னும் கொஞ்சம் மேல சுத்திக்கோங்க. தளர்ந்திருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அவர் பேச ஆரம்பித்தால் அக்கா மறுபடி அவர் வழியாகப் பேச ஆரம்பித்துவிடுவாள். கண்ணைப் பற்றி அப்படி இன்னொருவர் வாய்வழியாகப் பேச முடியாது.

அன்று சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே மாதிரித் துண்டுகளை எடுத்துக்கொண்டு, வேலி விழுந்த இடத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போனாள். அக்கா பின்படியில் உட்கார்ந்து காலை நீட்டியிருந்தாள்.

"நிறம் முடிவு பண்ணிடலாம்" என்றாள் அவள். இரண்டு துண்டுகளைக் கையில் எடுத்து உயர்த்தினாள். "இதுவா, இல்ல இதுவா? ஒண்ணா, ரெண்டா?"

"ஒண்ணு."

ஒன்றை மாற்றினாள். "இப்ப?"

"ரெண்டு."

கையில் இருந்ததையே திரும்பவும் இடம் மாற்றிக் காட்டினாள். "இப்ப?"

"ரெண்டும் ஒண்ணுதான்."

ரெண்டும் ஒன்றில்லை. சின்னக் குழந்தைகூடச் சொல்லிவிடும். அவள் முகத்தைக் கடை முகமாகவே வைத்துக்கொண்டு, வலது கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னாள். அக்கா மூடிக்கொண்டாள். அப்புறம்தான் யோசித்தாள்.

"பலகை பார்க்க எதுக்குக் கண்ணை மூடணும்?"

அவள் துண்டுகளைக் கீழே இறக்கினாள்.

"என்னைப் பரிசோதனை பண்றியா?"

"ஆமா."

அக்கா எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் படியில் உட்கார்ந்துகொண்டாள். அத்தான் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, பேச முடியாதவர் என்ற சௌகரியத்தில் திரும்பிப் போய்விட்டார். வெகுநேரம் கழித்துக் கதவு திறந்தது. அக்கா வெளியே வரவில்லை, கதவுக்குப் பின்னால் இருந்தே பேசினாள்.

"போன மாசம் ஒரு பொண்ணு எனக்கு முன்னாடி பிரேக் போட்டா. சைக்கிள்காரன் குறுக்க வந்தான். எனக்குத் தெரியல. 'சபாஷ்'னு சொல்லி சமாளிச்சேன்."

"யார்கிட்டயும் சொல்லலையா?"

"யார்கிட்டச் சொல்றது? ஊர்ல கண்ணு பார்க்கிறவ நீ ஒருத்திதான் இருக்கே."

மறுநாள் கடை மூடும் வேளைக்கு அக்கா வந்தாள். தெருவில் யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு நுழைந்தாள். தங்கை அவளை இருட்டறையில் உட்காரவைத்து, மோவாயைத் தாங்கியில் வைக்கச் சொல்லி, நெற்றியைப் பட்டையில் அழுத்தச் சொன்னாள். கண்ணுக்குள் மெல்லிய ஒளிக்கோட்டைப் பாய்ச்சினாள். இரண்டு பேர் முகத்துக்கும் நடுவே ஒரு சாண்தான். இவ்வளவு கிட்டத்தில் அக்காவின் முகத்தைச் சின்ன வயதில் பார்த்தது.

இரண்டு கண்ணிலும் புரை. உள்ளே தேன் மாதிரி மஞ்சளாக ஊறி நின்றது. அதன் வழியாகத்தான் அக்கா உலகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ தினமும் காலையில அப்பா கண்ணாடியை எடுத்துத் துடைப்பே" என்றாள் அக்கா திடீரென்று. மோவாய் தாங்கியில் இருந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டு பேசுவது போல இருந்தது.

"பேசாதே. ஆடுது."

"அவர் போனப்புறமும் துடைச்சே. துடைச்சு, மடிச்சு, அவர் கட்டில் பக்கத்துல வெப்பே. சுவத்துக்கு அந்தப் பக்கம் எனக்குச் சத்தம் கேக்கும், டப்பா மூடுற சத்தம். தினமும். என்னால தாங்க முடியல."

அவள் ஒளிக்கோட்டை இடது கண்ணுக்கு நகர்த்தினாள். "கேட்டிருக்கலாம்."

"கேட்டா வேணாம்னு சொல்லியிருப்பே."

"ஆமா."

"அதான் கேக்கல."

அவள் அக்காவின் கண்ணிமையை விரலால் மெல்லத் தூக்கிப் பிடித்தாள். கண்ணில் நீர் கட்டியதால் பார்க்க முடியவில்லை. யார் கண்ணில் என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. விளக்கைப் போட்டாள்.

"ஆபரேஷன் பண்ணணும். ரெண்டு கண்ணும், ஒண்ணுக்கப்புறம் ஒண்ணு. பெரிய விஷயம் இல்ல. ஆனா அதுவரைக்கும் நீ வண்டிப் பக்கமே போகக் கூடாது."

"என் ஸ்கூல்?"

"மூடு. உடம்பு சரியில்லன்னு போர்டு வை."

அக்கா கைப்பையைத் திறந்து மூடினாள். மறுபடி திறந்தாள். "அப்ப நான் எடுத்த அந்தப் பழுப்பு?"

"நீலம் கலந்த சாம்பல்."

"எனக்கு அது பிடிச்சிருந்துச்சு."

"உனக்குப் பிடிச்சது நீ பார்த்த பழுப்பு. கடையில இருக்கிறது சாம்பல்."

"நான் பார்த்தது வேணும். எதை வாங்கினா அது கிடைக்கும்?"

இத்தனை வருஷத்தில் யாரும் அவளிடம் கேட்காத கேள்வி. அக்கா போன பிறகு, சாயம் ஏற்றிய மாதிரி வில்லைகள் இருந்த இழுப்பறையைத் திறந்தாள். மஞ்சளை ஒவ்வொன்றாக எடுத்துக் கண்ணுக்கு முன்னால் வைத்து ஸ்லேட் துண்டைப் பார்த்தாள். ஒன்று வெளுத்துக் காட்டியது, ஒன்று பச்சையாகக் காட்டியது. இரண்டு வில்லைகளைச் சேர்த்துப் பிடித்தபோது சாம்பல் மறைந்து, ஈர மண்ணில் வெயில் பட்டது போன்ற ஒரு பழுப்பு எழுந்து வந்தது. அதே வில்லைகளில் வால்நட்டைப் பார்த்தாள், கறுப்பாகத்தான் இருந்தது. அக்கா கடையில் ஒரு பொய்யும் சொல்லவில்லை.

அந்தப் பழுப்பு நிஜமாகவே நல்ல நிறம்தான்.

அடுத்த நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பலகைக் கடைக்குப் போய், இருக்கும் மாதிரியெல்லாம் எடுத்துப்போடச் சொன்னாள். வில்லையை வைத்து ஸ்லேட்டைப் பார்ப்பாள், வில்லையை எடுத்துவிட்டு மற்ற துண்டுகளைப் பார்ப்பாள். கடைசியில் அடித்தட்டில் இருந்து தூசி தட்டி எடுத்த 'பழைய தேக்கு' என்ற துண்டில் அவள் கை நின்றது.

"இது விக்கவே விக்காதும்மா. ரெண்டு வருஷமா யாரும் கேக்கல. எல்லாரும் சாம்பல்தான் கேக்கிறாங்க."

"இதுதான் வேணும். நல்ல பக்கம் ரெண்டு வீட்டுக்கும் வர்ற மாதிரி மாத்தி மாத்திப் போடுங்க."

ஆஸ்பத்திரியில் வரிசை நீளமாக இருந்ததால், அக்காவுக்குத் தேதி கிடைப்பதற்கு முன்பே வேலி வந்துவிட்டது. வேலி போடுகிறவர் குழி தோண்டித் தூணை நட்டு, நீர்மட்டம் வைத்துப் பார்த்து, பலகைகளை ஒவ்வொன்றாகப் பள்ளத்தில் இறக்கினார். அவை 'டொக்' என்று ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்தன. அக்கா தன் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தாள்.

"கறுப்பா இருக்கு" என்றாள்.

"உனக்கு இப்ப அப்படித்தான் தெரியும்" என்று தங்கை தன் பக்கத்தில் இருந்து சொன்னாள். "பொறு."

"நம்பிக் காசு குடுக்கிறேன்."

"குடு."

வேலி எழும்பி முகம் மறைந்ததும் ஒரு விநோதம் நடந்தது. அக்கா பேச்சை நிறுத்தவில்லை. எதிரெதிரே நின்றால் இரண்டாவது வாக்கியத்தில் மூக்குச் சிவக்கிறவர்கள், பலகைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து, மேலே இருந்த இடைவெளி வழியாக, பகல் முழுக்கப் பேசினார்கள். எந்த டாக்டர் நல்லவர், சொட்டுமருந்து எத்தனை வேளை, ஸ்கூல் காரை விற்பதா வைத்துக்கொள்வதா. வேலி போடுகிறவர் சாப்பிடப் போய்த் திரும்பி வந்தபோதும் பேசிக்கொண்டிருந்தார்கள். அத்தான் பாத்தியருகே நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, கழுத்துத் துண்டை அவிழ்த்துக் கொடியில் போட்டார். "எனக்குக் குரல் வந்துடுச்சு" என்றார் பொதுவாக. இரண்டு பக்கமும் யாரும் பதில் சொல்லவில்லை. பேச்சு மும்முரமாகப் போய்க்கொண்டிருந்தது.

முதல் கண் ஆபரேஷன் ஆன அன்று காரில் அழைத்துப் போனதும் கூட்டி வந்ததும் அவள்தான். கண்ணின் மேல் மூடி வைத்து ஒட்டியிருந்த அக்கா, வழியில் ஒருமுறைகூடப் பிரேக் மிதிக்கவில்லை. மறுநாள் மூடியை எடுத்தபோது தங்கை கடையில் இருந்தாள். மாலையில் வீட்டுக்கு வந்து தோட்டத்துக்குப் போனபோது அந்தப் பக்கத்தில் நடமாட்டம் கேட்டது.

"வந்துட்டியா?"

"இப்பதான்."

"பார்த்தேன்."

"என்ன?"

"வேலியை."

அவள் காத்திருந்தாள். அக்கா அவசரப்படவில்லை. ஒரு கண்ணை மூடி ஒரு கண்ணால் பார்க்கிறாள் என்பது, இடையிடையே வந்த 'ம்' சத்தத்தில் இருந்து தெரிந்தது.

"பழைய கண்ணுக்கு இன்னும் கறுப்புதான். புதுக் கண்ணுக்கு..." அக்கா நிறுத்தினாள். "பரவாயில்ல."

அக்காவிடம் நன்றாக ஓட்டிய ஒருவனும் 'பரவாயில்ல' என்பதைத் தாண்டி எதுவும் வாங்கியதில்லை. அவள் இடுப்பில் கை வைத்தபடி தன் பக்கத்துப் பலகைகளைப் பார்த்தாள். வெயில் சாய்ந்து ரேகைகள் எழும்பித் தெரிந்தன.

"நான் அன்னைக்குப் பார்த்தது இதைவிடக் கொஞ்சம் சிவப்பு" என்றது வேலி.

"ஒரு கோடை போகட்டும்."

"தக்காளி பறிச்சிருக்காரு. உனக்கு ஒரு கூடை எடுத்து வெச்சிருக்கு. இடைவெளியில நுழையாது."

"மேல தூக்கிக் குடு."

"கண்ணு ஆபரேஷன் ஆனவ பாரம் தூக்கக் கூடாது. முன்பக்கமா வந்து வாங்கிக்கோ."

அவள் வீட்டுக்குள் போய், செருப்பை மாற்றி, முன்கதவைப் பூட்டி, தெருவில் இறங்கி, பக்கத்து வாசலில் ஏறி மணியை அடித்தாள். சொந்த அக்கா வீட்டு மணியின் சத்தம் எப்படி இருக்கும் என்று அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. கதவைத் திறந்தது அக்கா. பின்னால் அத்தான் கூடையோடு நின்றார்.

அக்கா நகர்ந்து வழிவிடவில்லை. வாசல் விளக்கைப் போட்டு, புதுக் கண்ணால் தங்கையை உச்சியில் இருந்து மோவாய்வரை பார்த்தாள்.

"உனக்கு இவ்வளவு நரைச்சிருக்கா?"

"ரொம்ப நாளாச்சு."

அக்கா கணவர் பக்கம் திரும்பினாள். "நீங்க தினமும் அங்க போயிட்டு வந்தீங்களே. ஒரு வார்த்தை சொல்லல."

"அவ அதைச் சொல்லி அனுப்பலையே" என்றார் அத்தான்.

அக்கா வழிவிட்டாள். "உள்ள வா. உக்காரு" என்றாள்.